சொல்லாமல் வைத்த இரண்டு நாள்

எனக்கு உத்தியோகம் கிடைத்த கதை என் பிள்ளைகளுக்குத் தெரியும். லிஸ்டில் நான் இரண்டாவது, முதலில் இருந்தவன் வந்து சேரவில்லை, அதனால் எனக்கு வந்தது என்று சொல்லியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முதலில் இருந்தவன் ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன். அது அவனிடமேதான்.

மலையாள நாட்டுத் தலைநகரத்தில், ஆரியசாலையில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே சந்தில் நாலு வீடு தள்ளி இருந்தன. அவனுடைய அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். பிறகு அம்மா அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுத்து அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கஷ்டம் கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை. நான் இரண்டு வருஷம் சும்மா இருந்தாலும் வீட்டில் உலை கொதிக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து படம் வரையப் படித்தோம். வீடு, பாலம், நிலத்தின் அளவு இவற்றையெல்லாம் காகிதத்தில் கோடாகப் போடுகிற படிப்பு. என் கோடு நன்றாகவே இருக்கும். அவன் கோட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் என்னுடையது நடுங்குவது தெரியும்.

1956-ல் ஓணத்துக்கு முன்னால் ஒரு சர்க்கார் ஆபீஸில் படம் வரைய ஆள் எடுத்தார்கள். தெற்கே இருக்கிற தமிழ்த் தாலுக்காக்கள் மதராஸ் பக்கம் போகப் போகின்றன என்று முடிவான வருஷம் அது. எல்லைப் படங்கள் அவசரமாக வேண்டியிருந்தன. பரீட்சை எழுதினோம். சுவரில் லிஸ்டு ஒட்டினார்கள். அவன் முதல், நான் இரண்டாவது. இருந்தது ஒரே ஒரு இடம். நான் அவன் முதுகில் தட்டினேன். மனசில் கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பொறாமை என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். ஆர்டர் வர ஒரு மாதமாவது ஆகும் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

அந்த ஒரு மாதத்தில் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று நான்தான் கிளப்பினேன். கையில் காசு கிடையாது. ஆனால் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லாரிக்காரர்களைத் தெரியும். கொப்பரையும் மிளகும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் மூட்டை மேலே ஏறி உட்கார்ந்துகொள்வது, அவர்கள் இறக்கிவிடுகிற இடத்தில் இறங்கி அடுத்த லாரிக்குக் கை காட்டுவது. யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் வந்த பழைய பட்டாளத்துப் படுதா ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டோம். ஒரு அலுமினியப் பானை, இரண்டு தட்டு, கொஞ்சம் அரிசி, ஒரு பொட்டலம் உப்பும் மிளகாயும். அவன் அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டால் இதெல்லாம் முடியாது என்று நான் போய்ப் பேசினேன். கடைசியில், நீ கூட இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன் என்று சொல்லி, வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள்.

முதல் லாரி எங்களைக் கோட்டயம் வரை கொண்டு போனது. ஓட்டியவர் ஆரியசாலையிலிருந்தே சரக்கு ஏற்றுகிறவர், நாற்பது வயசிருக்கும், தென்காசிப் பக்கத்து ஆள். முன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். வழியில் எங்கள் படிப்பு, வீடு எல்லாம் விசாரித்தார். என் சிநேகிதனுக்கு சர்க்கார் உத்தியோகம் வரப் போகிறது என்று கேட்டதும், தன் சொந்தத் தம்பிக்கு வந்த மாதிரி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அங்கிருந்து எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு, கோயம்புத்தூர். பாலக்காட்டுக் கணவாயில் காற்று மூட்டை மேலிருந்து எங்களைத் தள்ளிவிடப் பார்த்தது. ஒருவரை ஒருவர் வேட்டியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோயம்புத்தூரில் மில் ஒன்றின் வாசலில் நின்று உள்ளே இயந்திரம் ஓடுவதை அவன் அரை நாள் பார்த்தான். பள்ளிக்கூட வராந்தாக்களில் படுத்தோம். ஆற்றங்கரையில் படுதாவைக் கட்டிச் சோறு பொங்கினோம். போன இடமெல்லாம் அவன் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது, ஆற்றிங்கலுக்கு மேற்கே காயலின் நடுவில் இருக்கிற ஒரு துருத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும். துருத்து என்றால் எங்கள் பக்கத்தில் தீவு. சின்ன வயசில் கொல்லத்துக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தக் காயலைப் பார்ப்பேன். தண்ணீருக்கு நடுவில் தென்னை மட்டும் தெரியும். அங்கே ஒரு நாள் இருக்க வேண்டும் என்று அப்போதிருந்தே எனக்கு ஒரு பிடிவாதம்.

ஆலப்புழை வந்ததும் அவன் மனசு மாறிவிட்டது. அம்மாவும் தங்கையும் தனியாக இருப்பார்கள், பதினெட்டு நாளாகிவிட்டது, நேரே வீட்டுக்குப் போவோம், துருத்து எங்கே ஓடிப் போகிறது என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கொல்லம் வரைக்கும் நான் பேசவில்லை. கொல்லத்தில் இறங்கும்போது, சரி, இரண்டே நாள் என்று ஒப்புக்கொண்டான். அது ஒரு புதன்கிழமை.

காலை ஒன்பது மணி இருக்கும். லாரிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. அவன் குளிப்பதற்குப் பின்னாலிருந்த குளத்துக்குப் போயிருந்தான். நான் மூட்டைக்குக் காவலாக பெஞ்சியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது முதலில் எங்களை ஏற்றிச் சென்ற டிரைவர் அண்ணாச்சி உள்ளே வந்தார். மறுபடியும் சரக்கோடு வடக்கே போகிறாராம். என்னைப் பார்த்ததும் நேரே வந்தார்.

"உன் கூட்டுக்காரன் எங்கே? அவனுக்கு ஆர்டர் அதுக்குள்ள வந்தாச்சு. அவன் அம்மை லாரிப்பேட்டைக்கு வந்து டிரைவர்மார் எல்லார்கிட்டேயும் சொல்லிட்டுப் போயிருக்கா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முந்தி ஆபீஸ்ல போய் நிக்கணுமாம். இல்லைன்னா போச்சு. சொல்லிரு, கேட்டியா?"

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் நின்றபடியே ஒரு சாயாவைக் குடித்துவிட்டு, லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று போய்விட்டார்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தான். புட்டும் பயறும் கேட்டான். சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. இன்று புதன். சொன்னால் இப்போதே கிளம்பிவிடுவான். ஒரே ஒரு நாள் அங்கே இருந்தால்கூட நாளைச் சாயங்காலம் கரைக்கு வந்து, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருக்கலாம். இருபத்தைந்து மைல்தான். நாலு மணிக்குத்தானே. நாளைக் காலையில் துருத்தில் வைத்துச் சொல்லலாம். அவனுக்கும் எத்தனை சந்தோஷமாக இருக்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு நான் அவனுக்குப் புட்டைத் தள்ளி வைத்தேன். என்னடே யோசனை என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். முதல் பொய் அதுதான். ஒரு வாய் புட்டு மெல்லும் நேரத்தில் முடிந்துவிட்டது.

மத்தியானம் ஒரு செங்கல் லாரி எங்களை மண்பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டது. மேற்கே மூன்று மைல் நடந்தோம். காயல் கரையில் ஒரு வள்ளக்காரரைப் பிடித்தோம். அந்தத் துருத்தில் ஆள் யாரும் குடியில்லை, ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை தேங்காய் வெட்ட மட்டும் போவார்கள் என்றார். குடிக்கிற தண்ணீருக்கு மண்குடம் ஒன்று இரவல் கொடுத்தார். எப்போது வந்து அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று அவன் சொல்ல வாயெடுத்தான். நான் குறுக்கே புகுந்து வியாழக்கிழமை சாயங்காலம் என்றேன். அவன் சிரித்தான். இவ்வளவு தூரம் அடம்பிடித்து வந்துவிட்டு ஒரு நாள் போதுமா என்றான். அம்மாவும் தங்கையும் தனியாக இருக்கிறார்களே என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நன்றி இருந்தது. அதை என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

துருத்து நான் ரயிலிலிருந்து பார்த்ததைவிடச் சின்னது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருநூறு அடி நடந்தால் முடிந்துவிடும். ஆனால் நல்ல இடம். மணல் சுத்தமாக இருந்தது. மேற்கே கடல் இரைகிற சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. இரண்டு தென்னைக்கு நடுவில் கயிறு கட்டிப் படுதாவைப் போட்டோம். அவன் கரையில் வாங்கி வந்த மரச்சீனிக் கிழங்கை அவித்தான். தூண்டில் கயிறு ஒன்று அவனிடம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு கரிமீன் பிடித்துவிட்டான். மிளகாயும் உப்பும் தடவி, தென்னை மட்டையில் தீ மூட்டிச் சுட்டோம். சாப்பிட்ட பிறகு அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு, உத்தியோகம் வந்ததும் முதலில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அம்மாவை அப்பளக் கட்டையைத் தொடவிடக் கூடாது என்று பேசிக்கொண்டே இருந்தான். நான் உம் கொட்டினேன்.

மறுநாள் காலையில் சொல்லியிருக்க வேண்டும். அவன் எழுந்ததும் நேரே தண்ணீரில் இறங்கிவிட்டான். அவன் கரமனை ஆற்றில் பழகியவன், மீன் மாதிரி நீந்துவான். எனக்கு முழங்காலுக்கு மேலே தண்ணீர் என்றாலே பயம். அவன் துருத்தை ஒரு சுற்று நீந்தி வந்து, மூச்சு வாங்கியபடி மணலில் விழுந்தான்.

"நல்லவேளை நீ விடல்லடே. நான் நேரா வீட்டுக்குப் போயிருந்தா இந்த இடத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நேற்றே தெரியுமா என்று கேட்பான். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பான். சாயங்காலம் எப்படியும் வள்ளம் வரும். கரையில் இறங்கிய பிறகு, வழியில் யாரோ சொன்ன மாதிரி ஏதாவது செய்துகொள்ளலாம் என்று புதிதாக ஒரு ஏற்பாடு மனசில் உண்டாயிற்று.

பத்து மணி வாக்கில், கயிறு திரிக்க ஊறவைத்த தேங்காய் மட்டைக் கதம்பல் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய வள்ளம் துருத்தை ஒட்டிப் போனது. கழி ஊன்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். கரைக்கு வருகிறீர்களா, இடம் இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். வடக்கே வானம் அத்தனை நன்றாக இல்லை என்றும் சொன்னார். என் சிநேகிதன் அப்போது படுதாவுக்குப் பின்னால் தீ மூட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை. வேண்டாம், எங்களுக்குச் சாயங்காலம் ஆள் வரும் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கழியை ஊன்றினார். என்ன கேட்டார் என்று இவன் வந்து கேட்டான். மீன் கிடைத்ததா என்று கேட்டார் என்றேன்.

சாயாக்கடையில் செய்ததைக்கூட அந்த வயசின் ஆசை என்று சொல்லிச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். இதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. பிறகு மழை. ஓணம் கழிந்து அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. படுதா ஒரு பக்கம் கிழிந்து பறந்தது. மற்ற முனைகளை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு அதற்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். காயல் அலையடித்தது, அக்கரை மறைந்துவிட்டது. வள்ளக்காரர் வரவில்லை. வர முடியாது என்று அவன் சொன்னான். அவனுக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. நாளைக்கு வருவார், நமக்கு என்ன அவசரம் என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை விட்டுவிட்டுப் பெய்தது. காற்று நிற்கவில்லை. காயலில் ஒரு வள்ளமும் இல்லை. நான் துருத்தின் கிழக்கு நுனியில் போய் நின்றுகொண்டு கரையைப் பார்த்துக் கத்தினேன், துண்டை ஆட்டினேன். அவன் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஏன் இப்படிப் பயப்படுகிறாய், அரிசி இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, ஒரு நாள் கூடப் போனால் என்ன என்று என்னைச் சமாதானப்படுத்தினான். எனக்குக் குளிர் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தன் உலர்ந்த சட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு ஈரத்தில் இருந்தான்.

என் கையில் அண்ணன் கொடுத்த கடிகாரம் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. நாலு மணி ஆனபோது அவன் எனக்கு எதிரே குந்தியிருந்து, அடிப்பிடித்த பானையைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். முள் நாலைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். அவன் தலையைத் தூக்கி, மணி என்ன ஆகிறது என்று கேட்டான். நாலு என்றேன்.

ஐந்தே காலுக்குக் காற்று தணிந்து வள்ளக்காரர் வந்தார். நேற்று வர முடியாததற்கு எங்களிடம் பல தடவை மன்னிப்புக் கேட்டார். அன்று அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டோம். சனிக்கிழமை காலையில் ஓடு ஏற்றிய ஒரு லாரியில் ஏறி, பதினோரு மணிக்கு எங்கள் ஊர்ப் பழவங்காடியில் இறங்கி நடந்தோம்.

அவன் வீட்டு வாசலில் தங்கைதான் முதலில் பார்த்தாள். உள்ளே ஓடினாள். அம்மா மாவுக் கையோடு வெளியே வந்து அவனைப் பார்த்தார்கள். திட்டவில்லை. ஆர்டர் கடிதத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவன் இரண்டு தடவை படித்தான்.

"எத்தனை டிரைவர்மார்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன் மக்கா. ஒருத்தனுக்காவது உங்களைத் தேடிச் சொல்ல மனசு வரல்லியே."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, வழியில் எந்த டிரைவரையும் பார்க்கவில்லை என்பது.

அவன் அந்த அழுக்குச் சட்டையோடேயே ஆபீஸுக்கு ஓடினான். நானும் கூடவே போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான். நேற்று ஐந்து மணி வரை காத்திருந்ததாகச் சொன்னார். தவணை கேட்டு ஒரு தந்தி கொடுத்திருந்தால்கூடப் பத்து நாள் வைத்திருப்பேன், படம் முடியவேண்டிய நாள் நெருங்குகிறது, அடுத்த ஆளுக்கு எழுதிவிட்டேன் என்றார். அடுத்த ஆளின் முகம் அவருக்குத் தெரியாது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம், அந்த அடுத்த ஆள் இவன்தான் சார், என்னைவிட மோசமில்லை என்று சொன்னான்.

அதிகாரியிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே வந்து, எனக்கு இது வேண்டாம் என்று அவனிடம் சொல்லத்தான் செய்தேன். நீ வேண்டாமென்றால் மூன்றாவது ஆளுக்குப் போகும், எனக்கா வரப்போகிறது, பைத்தியமாடே என்றான். திங்கட்கிழமை எனக்கு ஆர்டர் வந்தது. அப்பா சாமிக்கு விளக்கு ஏற்றினார். அன்று சாயங்காலம் அவன் வந்து, கோடு போடுகிற தன் பேனாவை எனக்குக் கொடுத்தான். ஜெர்மன் பேனா, அவன் அம்மா ஒரு வருஷம் அப்பளம் விற்ற காசில் வாங்கியது. இனிமேல் எனக்கு எதற்கு என்றான். வாங்கிக்கொண்டேன்.

சாயாக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த ஆள் நான்தான் என்பது என் நினைவில் இருந்ததா? இதை எனக்குள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். துருத்தின் ஆசைதான் என்று ஒரு குரல் சொல்லும். அப்படியானால் கதம்பல் வள்ளக்காரரை ஏன் அனுப்பினாய் என்று இன்னொன்று கேட்கும். சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மோசமான விஷயம்.

ஆபீஸில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, மதராஸ் பக்கம் போகிற ஒரு தாலுக்காவின் படத்தை மெழுகுத் துணியில் படியெடுப்பது. அவன் அப்பாவின் ஊர் அதில் இருந்தது. அவன் பேனாவால்தான் அந்த ஊரைச் சுற்றி எல்லைக் கோடு போட்டேன். எல்லோரும் கோடு சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

அவன் மூன்று மாதம் கடைகடையாக ஏறி இறங்கினான். பிறகு போனக்காடு என்கிற மலை ஊரில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் ஒரு வேலை கிடைத்து மலைக்குப் போய்விட்டான். சம்பளம் குறைவு. அம்மாவும் தங்கையும் சந்திலேயே இருந்தார்கள், அப்பளக் கட்டையும் இருந்தது. நான் ஆபீஸிலிருந்து வரும்போது அவர்கள் வீட்டைத் தாண்ட வேண்டும். சாப்பிட்டியா மக்கா என்று அம்மா கேட்பார்கள். பின்னே நான் பழவங்காடி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுமுனையிலிருந்து சந்துக்குள் வர ஆரம்பித்தேன். லாரிகள் சரக்கு ஏற்றுகிற பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஒரு நாள் அந்த டிரைவர் அண்ணாச்சி என்னைப் பிடித்துவிட்டார். கோட்டை வாசல் பக்கத்தில், எதிரே வந்து தோளில் கை வைத்தார்.

"உன் கூட்டுக்காரன் ஜோலியில சேர்ந்துட்டானா? நான் சொன்னது நேரத்துக்குக் கிடைச்சதுல்லா?"

சேர்ந்துவிட்டான் அண்ணாச்சி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மா நின்ற நிலை தன் மனசை விட்டுப் போகவில்லை, அன்று உன்னைப் பார்த்தது தெய்வச் செயல் என்று சொல்லிக்கொண்டே போனார். அவரை அந்தச் சந்தில் எல்லோரும் ஈவு இரக்கமில்லாத டிரைவர்மார் கூட்டத்தில் ஒருவர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகையை அவனுக்குத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. விதுரை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து மலை ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெலிந்திருந்தான், குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தான். என்னைக் கண்டதும் ஆபீஸ் படியிலிருந்து குதித்து இறங்கி வந்தான். அறைக்குக் கூட்டிப்போய்த் தன் சோற்றைப் பாதியாகப் பங்கிட்டான். பத்திரிகையைப் படித்துவிட்டு, பெண் எந்த ஊர் என்று ஆரம்பித்தான். நான் அவனை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். சாயாக்கடை, டிரைவர், கதம்பல் வள்ளம், அவன் அம்மாவிடம் சொன்ன பொய் வரைக்கும்.

நான் முடித்ததும் அவன் கேட்டான், அந்த வள்ளம் வந்தபோது தான் எங்கே இருந்தான் என்று. படுதாவுக்குப் பின்னால் என்றேன். காற்று அப்போது ஆரம்பித்திருந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். தட்டில் இருந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வள்ளம்கூட வேண்டாம்டே. காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நீந்திப் போயிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான். நான் வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று ஏதோ உளறினேன். லிஸ்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது, உனக்குக் கல்யாணம் வேறு, பேசாமல் சாப்பிடு என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவர்கள் உன்னைப் பிள்ளை மாதிரி நினைக்கிறார்கள் என்றும் சொன்னான். அது எனக்காகச் சொன்னதல்ல என்பது எனக்குப் புரிந்தது. பிறகு மணி அடித்தது, ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று எழுந்தான். தட்டுகளை நான் கழுவி வைத்துவிட்டு இறங்கினேன்.

என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை என்று கார்டு வந்தது. நான் எழுதுகிற கடிதங்களுக்கெல்லாம் இரண்டு வரியில் பதில் வரும், அவனாக எழுதியதில்லை. தங்கையின் கல்யாணம் ஆறு வருஷம் தள்ளித்தான் நடந்தது. அதற்கு நான் போய் வேலை செய்தேன், பந்தியில் பரிமாறினேன். பிறகு அவன் அம்மாவையும் மலைக்கு அழைத்துக்கொண்டு போனான், கடிதங்களும் நின்றுவிட்டன. நான் ராஜினாமா செய்யவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அந்த ஆபீஸில் இருந்து, மேல் பதவிக்குப் போய், பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியாக அவனைப் பார்த்தது ஆரியசாலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. அவன் மகனும் கூட வந்திருந்தான், எஞ்சினியருக்குப் படிக்கிற பையன், அப்பாவைப் போலவே விரல்கள். அவன் என்னைக் காட்டி மகனிடம் சொன்னான்.

"இவர் என்கூடப் படிச்சவர். நல்லா படம் வரைவார்."

பையன் கைகூப்பினான். சாப்பிட இடம் போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். அவன் என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான். நான் அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். காலமாகி நாலு வருஷமாயிற்று என்றான். எனக்கு யாரும் சொல்லவில்லை.